மகாராணியின் பெருநாள் சட்டை

மகாராணிக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அதுதான் தாட்சாயினியின் பிரச்சினை.

கதிர்காமநாதன் மாஸ்டரின் மாலை வகுப்பு ஒரு கிடுகுக் கொட்டிலில் நடந்தது. அதன் அரைச் சுவரில் ஒரு பழைய ஓவியம் ஒட்டியிருந்தது. வெளிநாட்டுக் கலண்டர் ஒன்றிலிருந்து மாஸ்டர் வெட்டியெடுத்த படம் அது. கழுத்தைச் சுற்றி வெள்ளை லேஸ் வைத்த ஒரு அம்மா; பிள்ளைகளுக்கு அவர்தான் மகாராணி. மூக்கை உயர்த்தி, எங்கேயோ கருவாடு பொரிக்கிறார்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே இருந்ததைக் கறையான் சாப்பிட்டுவிட்டது.

"இது பெரிய ஓவியம். முன்னூறு வருசத்துக்கு முந்திக் கீறினது" என்பார் மாஸ்டர்.

"முன்னூறு வருசமா ஒரே இடத்தில இருந்தா கால் விறைச்சிருக்கும், பாவம்" என்றான் நிரோஜன். வகுப்பில் எதற்கும் முதலில் வாய் திறப்பவன் அவன்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். தாட்சாயினி மட்டும் சிரிக்கவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கால் விறைத்தால் மகாராணி என்ன செய்வார்? இறங்கி நடப்பார். நடந்து எங்கே போவார்?

அப்படித்தான் "மகாராணி இறங்கி வந்தா" என்ற படக்கதை பிறந்தது.

மாஸ்டரின் வகுப்பில் ஒரு சுவர்ப் பத்திரிகை இருந்தது. பிள்ளைகள் எழுதுவதையும் வரைவதையும் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் போட வேண்டும். திங்கட்கிழமை மாஸ்டர் அவற்றைச் சுவரில் ஒட்டுவார். ஒரே ஒரு விதி: யாரும் சொந்தப் பெயர் போடக் கூடாது. எல்லாருக்கும் புனைபெயர். தவணை முடியும் நாளில்தான் யார் யார் என்று சொல்வார்கள். அதுவரை ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதுதான் விளையாட்டு.

தாட்சாயினியின் புனைபெயர் பனங்காய். பனங்காய் அவள்தான் என்று யாரும் சந்தேகப்படவில்லை. கணக்கை இரண்டு தரம் சரிபார்த்து, மூன்றாம் தரமும் பார்க்கிற பிள்ளை அவள். அடிமட்டம் வைக்காமல் ஒரு கோடு கீறமாட்டாள். அவளுக்குள் இப்படி ஒரு பகிடி இருக்கும் என்று அவளே நம்பவில்லை.

முதல் வாரப் படக்கதையில் மகாராணி படத்திலிருந்து குதித்தார். படத்தின் பிறேமையும் தூக்கிக்கொண்டு ஒட்டுசுட்டான் பஸ்ஸில் ஏறினார். "அம்மா, பிறேமை மேல போடுங்கோ, உள்ளுக்கு இடமில்லை" என்றார் கொண்டக்டர். பக்கத்து இருக்கையில் சினிமாக் கதாநாயகன் சூறாவளி இருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டவர். ஒரே அடியில் பத்துப் பேரை விழுத்துகிறவர். ஆனால் முன்னால் இருந்த ஆச்சியின் கூடைக்குள் இருந்த கோழியைப் பார்த்துப் பயந்து, மகாராணியின் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

கொட்டில் அதிரச் சிரித்தார்கள். ஆனால் நிரோஜன் ஒன்றைக் கவனித்துவிட்டான்.

"ஒவ்வொரு பெட்டியிலையும் மகாராணிக்கு முன்னால செடிப்பத்தை நிக்குது, இல்லாட்டி பஸ் யன்னல் நிக்குது. பனங்காய்க்கு உடம்பு கீறத் தெரியாது போல!"

தாட்சாயினிக்குக் காது சூடாகியது. உடம்பு வரையத் தெரியும். அந்தக் காலத்துச் சட்டை கழுத்துக்குக் கீழே எப்படி இருக்கும் என்றுதான் தெரியாது. தெரியாததை எப்படி வரைவது?

அன்று மாலை குளக்கட்டு வழியாகச் சைக்கிளில் வீட்டுக்குப் போனபோது பதில் கிடைத்தது.

புதிதாகத் துப்புரவாக்கிய ஒரு காணி. பின்னால் தறப்பாள் கூரை போட்ட ஒரு கொட்டில். முன்னால் மிளகாய்க் கன்றுகள். அவற்றின் நடுவே குறுக்குத் தடி கட்டிய ஒரு கம்பு. அந்தக் கம்பில் ஒரு சட்டை!

கருஞ்சிவப்பு வெல்வெற். கழுத்தில் வெள்ளை லேஸ். நிலம் வரை நீண்ட பாவாடை. முன்னால் வரிசையாக வெள்ளைப் பொத்தான்கள். கடைசி மட்டும் நீலம்.

"வெருளி!" என்றாள் தாட்சாயினி.

மிளகாய்த் தோட்டத்தின் நடுவே தடியில் உடுப்பு நின்றால் வேறென்ன? காகத்தை விரட்டவும், வழியில் போகிறவர்களின் கண் விளைச்சலில் படாமல் இருக்கவும் ஊரில் எல்லாரும் வெருளி வைப்பார்கள். தாட்சாயினி வீட்டு வெருளி அப்பாவின் கிழிந்த சாரத்தோடு நின்றது. இந்த வெருளி மட்டும் ஏன் இவ்வளவு வடிவாக உடுத்தியிருக்கிறது?

அவள் சைக்கிளை நிறுத்தினாள். பென்சிலை எடுத்தாள். லேஸின் மடிப்பு, கையின் சுருக்கம், பொத்தான்கள் எல்லாவற்றையும் வீதியில் நின்றே வரைந்துகொண்டாள். வரையும்போதே அடுத்த பகிடியும் வந்துவிட்டது.

திங்கட்கிழமை இரண்டாவது படக்கதை சுவரில் ஏறியது.

மகாராணி ஒட்டுசுட்டானில் இறங்கி வேலை தேடுகிறார்.

"உமக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்கிறார் தோட்டம் செய்கிற ஒரு கமக்காரர்.

"முன்னூறு வருசம் ஆடாமல் அசையாமல் நிண்டிருக்கிறன்."

"அப்ப வெருளி வேலைக்கு நீர்தான் சரியான ஆள்!"

கடைசிப் பெட்டி மற்றவற்றைவிடப் பெரியது. மிளகாய்த் தோட்டத்தின் நடுவே, கருஞ்சிவப்புச் சட்டையோடு, இரண்டு கையையும் விரித்தபடி மகாராணி. தலையில் ஒரு காகம். காட்டுக்கரையில் இருந்து ஒரு யானை எட்டிப் பார்க்கிறது. தாட்சாயினியின் சிவப்புப் பென்சில் பாதியாகத் தேய்ந்துவிட்டது.

எல்லாரும் சுவரை மொய்த்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவள் றினோஸா.

றினோஸா வகுப்புக்கு வந்து ஒரு மாதம்தான். அவளுடைய குடும்பம் அவள் பிறப்பதற்கு முன்பே இடம்பெயர்ந்து புத்தளத்துக்குப் போனது. இந்த வருடம்தான் திரும்பி வந்தார்கள். அதிகம் கதைக்கமாட்டாள். ஆனால் சிரித்தால் விக்கல் எடுக்கும். அந்த விக்கலைக் கேட்டு மற்றவர்களும் சிரிப்பார்கள்.

"நான் முன்னூறு வருசம்… விக்… நிண்டிருக்கிறன்…" என்று வாசித்தபடி அவள் கடைசிப் பெட்டிக்கு வந்தாள்.

விக்கல் நின்றுவிட்டது.

"உந்த வெருளியை நான் கண்டனான்!" என்று கத்தினான் நிரோஜன். "குளக்கட்டுக் காணியில நிக்குது! நீலப் பொத்தானும் அப்பிடியே இருக்கு!"

றினோஸா திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"அது வெருளி இல்ல" என்றாள். "அது எங்கட காணி. உம்மா தோச்சுக் காயப் போட்டது. அது என்ட பெருநாள் சட்டை."

பின்னால் யாரோ களுக் என்றார்கள். அடுத்தவர் வாயைப் பொத்தினார். பொத்தியும் வெடித்தது. கொட்டில் முழுவதும் சிரித்தது.

தாட்சாயினியும் சிரித்தாள்.

ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சிரிக்காமல் நின்றால் நான்தான் பனங்காய் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம். எல்லாரும் சிரிப்பதால் வாய் தானாகத் திறந்திருக்கலாம். எப்படியோ, றினோஸா எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தபோது, தாட்சாயினியின் பல்லும் வெளியில்தான் இருந்தது.

றினோஸா புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

"வெருளி இண்டைக்கும் லீவு!" என்றான் நிரோஜன்.

தாட்சாயினி இந்த முறை சிரிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் அம்மா வைத்த பிட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"என்ன, பிட்டுக்குள்ள ஆரையும் தேடுறியோ?" என்று கேட்டார் அம்மா.

"இல்லை அம்மா."

அது வெருளி என்று நான் ஏன் நினைத்தேன்? ஒரு கணக்கை மூன்று தரம் பார்க்கிறவள், ஒரு சட்டையை மட்டும் ஏன் ஒரு தரம் பார்த்தேன்? காணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

படம் சுவரில் இருக்கும்வரை எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். அதைக் கிழித்துவிட வேண்டும்.

மறுநாள் அவள் எல்லாருக்கும் முன்னதாகவே கொட்டிலுக்குப் போனாள். ஒரு தகரப் பேணியில் தண்ணீர் கொண்டுபோனாள். படத்தை நனைத்து, மெல்ல உரித்தாள். மாஸ்டர் காய்ச்சிய கோதுமை மாப் பசை லேசுப்பட்டதா? மகாராணியின் தலை வந்தது. காகம் வந்தது. யானை வந்தது. சட்டை மட்டும் வர மறுத்தது. நகத்தால் சுரண்டினாள். சுவரின் மண்தான் உதிர்ந்தது.

வெளியே சைக்கிள் மணி கேட்டது. அவள் பேணியோடு பின்பக்கமாக ஓடிப்போய், சற்றுப் பொறுத்து, அப்போதுதான் வருகிறவள்போல் முன்பக்கமாக வந்தாள்.

சுவரில் தலையில்லாத ஒரு சட்டை மட்டும் கையை விரித்தபடி நின்றது.

"ஐயோ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் நிரோஜன். "இப்பதான் அசல் வெருளி!"

தாட்சாயினி கதிரையில் இருந்து நிலத்தையே பார்த்தாள். திருத்தப்போய் இன்னும் கெடுத்துவிட்டாள். இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் தவறவிட்ட பாடங்களைக் கொடுக்கும் சாட்டில் அவள் குளக்கட்டுக் காணிக்குப் போனாள்.

தறப்பாள் கூரையின் கீழே ஒரு தையல் மெசின். அதன் முன்னால் றினோஸாவின் உம்மா சபூறா இருந்தார்.

"மகளின்ட வகுப்புப் பிள்ளையா? வாங்க, வாங்க!" என்று எழுந்து, கதிரையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். "இருங்க. கொய்யாப்பழம் சாப்பிடுங்க."

"வேண்டாம் அன்ரி. உங்களுக்கு நோன்பெல்லோ?"

"நோன்பு எனக்குத்தானே. உங்களுக்கு இல்லையே. சாப்பிடுங்க மகள்."

பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காத ஒருவர் பழத்தை வெட்டி உப்புத் தூவிக் கையில் கொடுத்தார். தாட்சாயினிக்கு அதை எங்கே பார்த்துக் கடிப்பது என்று தெரியவில்லை.

மெசினில் அந்தச் சட்டை பாதி தைத்தபடி கிடந்தது.

"பாருங்க, என்ன வடிவான துணி!" என்றார் சபூறா. "நிவாரண மூட்டையில வந்தது. வெளிநாட்டுப் பெரிய ஆளின்ட சட்டை. ஆருக்கும் அளவில்லை எண்டு எல்லாரும் தள்ளி விட்டாங்க. நான் சொன்னன், பிரிச்சுத் தைச்சா என்ட மகளுக்குப் பெருநாள் சட்டை. கொடி கட்ட இன்னும் மரம் இல்லை பாருங்க, அதான் வெயில் விழுற இடத்தில தடி நட்டுக் காயப் போட்டன். ஒரு பொத்தான் குறைஞ்சுது. என்ட சட்டையில இருந்த நீலத்தைக் கழட்டி வச்சன்."

தாட்சாயினி தலையாட்டினாள்.

"இப்ப என்னெண்டா, அவ வேண்டாமாம். கடிக்குதாம். வெருளிக்குப் போடச் சொல்றா." சபூறா துணியைத் தடவினார். "மூணு நாளா இப்பிடித்தான். ஏன் மகள், வகுப்பில ஆரும் ஏதும் சொன்னதா?"

"தெரியாது அன்ரி" என்றாள் தாட்சாயினி.

சொன்னவுடனேயே அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க வேண்டும்போல் இருந்தது. பாடக் கொப்பியை மெசினில் வைத்துவிட்டு வேகமாக நடந்தாள். வாசல் படலையில் ஒரு சின்னப் பையன் ஏறி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தான். றினோஸாவின் தம்பி இன்சாப்.

"உங்களுக்குப் பனங்காயைத் தெரியுமா?" என்று கேட்டான்.

"ஏன்?"

"ராத்தா பனங்காயைப் பிடிச்சு, கிணத்துக்குள்ள போடப் போறாவாம். நானும் பாக்கப் போறன்."

தாட்சாயினி படலையைத் திறக்கவில்லை.

"ராத்தா எங்க நிக்கிறா?" என்றாள்.

"கிணத்தடியிலதான்."

றினோஸா வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். தாட்சாயினியைக் கண்டதும், "என்னத்துக்கு வந்த? இன்னும் சிரிக்கவா?" என்றாள்.

"நான்தான் பனங்காய்" என்றாள் தாட்சாயினி. சைக்கிளில் வரும்போது நீளமாக ஒரு பேச்சைத் தயாரித்திருந்தாள். அதில் இந்த ஒரு வரிதான் மிஞ்சியது. "வெருளி எண்டு நினைச்சுத்தான் கீறினனான். உம்மட சட்டை எண்டு தெரியாது. ஆனா தெரிஞ்ச பிறகும் சிரிச்சனான். அது… அது தெரிஞ்சுதான்."

றினோஸா வாளியைப் பார்த்தாள். தாட்சாயினியைப் பார்த்தாள். மறுபடியும் வாளியைப் பார்த்தாள். தாட்சாயினி கண்ணை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் மிளகாய்க் கன்றின் அடியில் விழும் சத்தம் கேட்டது.

"மிளகாய்க்குத் தண்ணி வேணும்" என்றாள் றினோஸா. "உனக்கு ஊத்தி வீணாக்க ஏலாது. போ."

தாட்சாயினி போகவில்லை.

"உனக்கு வடிவாக் கீறவும் தெரியாது" என்றாள் றினோஸா, அடுத்த வாளியை இறக்கியபடி. "அந்தச் சட்டைக்குப் பின்னால ரெண்டு முழத்தில ஒரு றிபன் இருக்கு. பூ மாதிரிக் கட்டினது. நீ றோட்டில நிண்டு முன்பக்கத்தை மட்டும் பாத்தா எப்பிடித் தெரியும்?"

"றிபனோ? எந்த இடத்தில? இடுப்பிலயோ, அதுக்கு மேலயோ?"

கேட்டுவிட்டுத்தான் தாட்சாயினிக்குப் புரிந்தது. அவள் கையில் பென்சில் இருந்தது! எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வெட்கத்தில் அதைப் பின்னால் மறைத்தாள்.

றினோஸாவின் உதடு ஒரு பக்கம் துடித்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"அந்த யானை என்ன செய்யப் போகுது?" என்று திடீரென்று கேட்டாள்.

"எந்த யானை?"

"காட்டுக்கரையில நிண்டதே."

"இன்னும் யோசிக்கேல்ல. மகாராணியைக் கண்டு பயந்து ஓடும் எண்டுதான்…"

"யானையாவது பயந்து ஓடுறதாவது! போன கிழமை எங்கட வாழை முழுக்கத் திண்டுட்டு, வாப்பா தகரம் தட்டத் தட்ட ஆறுதலா நடந்து போனது." றினோஸா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். "யானை பயப்படாது. வெக்கப்படும்."

"ஏன் வெக்கப்படோணும்?"

"மகாராணி எவ்வளவு வடிவா உடுத்திருக்கிறா. யானையைப் பார். ஒண்டும் உடுக்காமலே ஊர் முழுக்கச் சுத்துது!"

தாட்சாயினி அதை மனதுக்குள் வரைந்து பார்த்தாள். பெரிய யானை. இரண்டு காதாலும் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு, பின்பக்கத்தை மறைக்க ஒன்றும் இல்லாமல் நிற்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று வந்த சிரிப்பு நினைவுக்கு வர, வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"இதுக்குச் சிரிக்கலாம்" என்றாள் றினோஸா. "இது பகிடி."

"நீர் சொல்லும். நான் கீறுறன்" என்றாள் தாட்சாயினி. "நீர் சொல்லுறதை மட்டும். எல்லாம் உமக்குக் காட்டிப்போட்டுத்தான் தகரத்துக்குள்ள போடுவன்."

கிணற்றுக்குள் ஒரு தவளை கத்தி ஓய்ந்தது.

"பிழையாக் கீறினா அழிக்கச் சொல்லுவன்" என்றாள் றினோஸா.

"ஓம்."

"எத்தினை தரம் எண்டாலும்."

"ஓம்."

ஏழு தரம் அழிக்கச் சொன்னாள். யானையின் வெட்கம் போதாது என்றாள். சூறாவளியின் கண்ணாடி பெரிதாக வேண்டும் என்றாள். எட்டாம் தரம் பார்த்தபோது அவளுக்கு விக்கல் எடுத்தது.

தறப்பாளின் கீழிருந்து சபூறா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ளையள், பாடமா படிக்கிறீங்க?"

"ஓம் உம்மா, விக்… கணக்கு!"

கடைசிப் பெட்டி ஒன்று காலியாக இருந்தது.

"இதில ஆரை நிப்பாட்டுறது?" என்று கேட்டாள் தாட்சாயினி.

றினோஸா அவளையே பார்த்தாள். தாட்சாயினிக்குப் புரிந்தது. பென்சிலைக் கூராக்கினாள்.

திங்கட்கிழமை மாஸ்டர் பிஸ்கற் தகரத்தைத் திறந்தார். படக்கதையை எடுத்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இதில சொந்தப் பேர் கிடக்குது. 'கதை: றினோஸா. படம்: தாட்சாயினி, பனங்காய் எண்டு சொன்னாலும் சரி.' தாட்சாயினி, விதி தெரியும்தானே?"

வகுப்பு முழுவதும் திரும்பியது.

"நீயா பனங்காய்?" என்றான் நிரோஜன். அவன் வாய் மூடவே இல்லை.

தாட்சாயினி எழுந்து நின்றாள். "தெரியும் சேர். ஆனா போன கிழமை பேரில்லாமல் போட்டது பிழையாப் போச்சு. இதைப் பேரோட போடோணும். விதியை மீறினதுக்கு என்னை அடுத்த தவணை முழுக்க எழுத விடாட்டிலும் பரவாயில்லை."

மாஸ்டர் படக்கதையை வாசித்தார்.

முதல் பெட்டியில் யானை, தோட்டத்தில் நிற்கும் மகாராணியைக் காண்கிறது. இரண்டாவதில் தன்னைக் குனிந்து பார்க்கிறது. மூன்றாவதில் காதால் முன்னால் மறைத்துக்கொண்டு, "ஐயையோ, இவ்வளவு காலமும் நான் இப்பிடியா திரிஞ்சனான்?" என்கிறது. நான்காவதில் ஒரு தையற்காரி, ஏணியில் ஏறி யானைக்கு அளவெடுக்கிறார். "தும்பிக்கைக்குக் கையா, கழுத்தா வைக்கிறது?" என்று கேட்கிறார். ஐந்தாவதில் தையற்காரியின் வாசலில் ஒரு நீண்ட வரிசை. கதாநாயகன் சூறாவளி, கொண்டக்டர், கிரிக்கெற் நடுவர், கூடையிலிருந்த கோழி. எல்லாரும் "எனக்கும் மகாராணியின்ர சட்டை மாதிரி ஒண்டு! பின்னால றிபன் மறக்க வேண்டாம்!" என்கிறார்கள். மகாராணி வரிசையைச் சரிசெய்கிறார். "தள்ளாதேங்கோ! நான் முன்னூறு வருசம் பொறுத்தனான்!"

கடைசிப் பெட்டியில், யாரும் இல்லாத மிளகாய்த் தோட்டம். தடியில் இரட்டைப் பின்னலோடு தாட்சாயினி. கையில் பென்சில். தலையில் காகம்.

மாஸ்டரின் தோள் குலுங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"எழுதாமல் விடவோ?" என்றார். "உந்த யானைக்கு அடுத்த கிழமை சட்டை பொருந்துதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரிய வேண்டாமோ?"

படம் பழைய சட்டையை முழுவதும் மறைத்தபடி சுவரில் ஏறியது. எல்லாரும் மொய்த்தார்கள். சிரிப்பு வந்தபோது, தாட்சாயினி பயத்தோடு வாசலைப் பார்த்தாள். றினோஸா வாசல் கப்புத் தூணில் சாய்ந்து நின்றாள். வந்திருந்தாள்! உள்ளே வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நிரோஜன் அவளைக் கண்டான். வழமையாக முதலில் திறக்கிற வாய் இந்த முறை கொஞ்சம் தாமதமாகத் திறந்தது.

"றினோஸா… என்னையும் அந்த வரிசையில போடுவியோ?"

றினோஸா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அளவெடுத்துத்தான் சொல்லலாம்" என்றாள். "உன்ட வாய்க்கே ரெண்டு முழம் போகும்."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் உள்ளே வந்து தன் இடத்தில் இருந்தாள்.

ஆனால் சட்டையைப் போடுவாளா? அதைத் தாட்சாயினி கேட்கவில்லை. கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

பெருநாளன்று காலையில் மழை விட்டிருந்தது. வீதியோரத்துத் தரிசில் பையன்கள் கிரிக்கெற் விளையாடினார்கள். தாட்சாயினி புள்ளி எழுதிக்கொண்டிருந்தாள். வரம்புக்கு அந்தப் பக்கம் வயல் தண்ணீரும் சேறுமாக இருந்தது.

குளக்கட்டு வளைவில் சபூறாவும் இன்சாப்பும் அயலுக்குக் கொடுக்க வட்டிலப்ப இனிப்புக் கிண்ணங்களோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கருஞ்சிவப்பாக ஒன்று வந்தது.

வெல்வெற் வெயிலில் மின்னியது. லேஸ் கழுத்தில் நிமிர்ந்து நின்றது. நீலப் பொத்தான் அதன் இடத்தில் இருந்தது.

விளையாட்டு நின்றுவிட்டது. தாட்சாயினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மகாராணி வாறா! விலத்துங்கோ!" என்று கத்தினான் நிரோஜன்.

றினோஸா நின்றாள். ஒரு கையால் பாவாடையைத் தூக்கிப் பிடித்தாள். மற்றக் கையை நீட்டினாள்.

"மட்டையைத் தா" என்றாள். "பந்தைப் போடு."

"பெருநாள் சட்டை மகள்!" என்றார் சபூறா.

"ஒரு பந்துதான் உம்மா!"

நிரோஜன் மெல்லத்தான் போட்டான். மகாராணி மெல்ல அடிக்கவில்லை. பந்து பனைமர உயரத்துக்குப் போய், வரம்பைத் தாண்டி, வயலுக்குள் பொத்தென்று விழுந்தது. றினோஸா பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் றிபன் பறந்தது.

"ஆர் பந்தை எடுக்கிறது?" என்று பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சேறு முழங்கால் வரை இருக்கும்.

தாட்சாயினி புள்ளிக் கொப்பியை வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே வயலுக்குள் இறங்கினாள்.

"தாட்சா, பாத்துப் போ! அதுக்குள்ள அட்டை இருக்கு!" என்று ஓடியபடியே கத்தினாள் றினோஸா. அதற்குள் அவளுக்கு விக்கல் தொடங்கிவிட்டது.

பந்து கிடைத்தது. அட்டையும் கிடைத்தது.